காமிரா இல்லாத நிழற்படக் கலை

வீட்டு வரைபடத்தை டிரேசிங் தாளில் வரைந்து, அதைப் புளூபிரிண்ட் எடுத்து, மாநகராட்சியின் அனுமதிக்குக் கொடுத்த தலைமுறையினர் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நீலத்தாளும் காமிராவின் சம்பந்தமின்றி வெளிச்சம் ஒன்றினாலேயே உண்டான நிழற்படந்தான் என்று அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகமே. இரும்பு உப்புக்களைப் பூசிய தாளின்மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டி நீரில் அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகவும் பொருள் மறைத்த இடம் வெண்மையாகவும் நிற்கும் என்பதை விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டார்; மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற மாது, கடற்பாசிகளை அவ்விதம் தாளில் கிடத்திப் பதிவு செய்து நூலாக வெளியிடத் தொடங்கினார்.

பொருளின் உருவத்தை உள்ளபடி பதியும் இந்த மார்க்கமே ஆதி மார்க்கம். 1920-களில் பாரிஸில் மான் ரே, ஜெர்மனியில் மொஹோலி-நாகி என்ற கலைஞர்கள் இருவரும் இதற்கு நேர் விரோதமாக, அன்றாடப் பொருள்களையே அடையாளம் மயங்கும்படி வெள்ளி உப்புத் தாளில் நிழலாட விட்டார்கள். 1956-இல் பெல்ஜியத்தின் பியேர் கோர்டியே, ஒளிப்படத் தாளில் நகப்பூச்சினால் ஒரு பெண்ணுக்கு வாழ்த்து எழுதப் போய், மருந்து நீர்களையே தூரிகையாகக் கொண்ட மூன்றாம் மார்க்கத்தைத் தோற்றுவித்தார். அது அழகியதே, எனினும் ஓவியத்தின் வீட்டுக்கே அதிக உரிமையுள்ளது என்பது என் அபிப்பிராயம்.

அடையாற்றுக்கும் இச்சரித்திரத்தில் ஒரு விசித்திரமான பங்கு உண்டு. அங்கே தலைமையிடம் கொண்ட பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் எண்ண வடிவங்களைப் பற்றி எழுதிய நூலில், மனத்தின் சலனங்களைக் காமிராவின்றியே ஒளித்தகட்டில் பதித்துவிட்டதாகச் சொன்ன பாரிஸ் வைத்தியர் பாரடுக்கின் சோதனைகளை மதிப்புடன் குறிப்பிடுகிறார்கள். கையின் சூடும் ஈரமும் மருந்தின் கோளாறுமே தகட்டில் மேகம் போன்ற அத்தகைய பதிவுகளை உண்டாக்கக் கூடுமாதலால், அவற்றைக் கலையின் கணக்கில் சேர்க்க எனக்குத் துணிவில்லை.

ஏனெனில், பொருள் தாளை எங்கே தொட்டது, எங்கே விலகியது என்பதைப் படத்திலிருந்தே வாசிக்க முடியவேண்டும் என்பதுதான் இக்கலையின் முதல் லக்ஷணம். கண்ணாடியால் அழுத்திய அரசிலையின் ஓரம் கத்தியால் அரிந்தாற்போல் விழும். அழுத்தத்துக்குத் தப்பி நுனி சற்றே எழும்பி நின்றால், சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் விரிந்த வட்டமாக இருப்பதனால், அவ்விடத்து ஓரம் கரைந்து நீலத்தோடு கலந்துவிடும். தளிராயின் வெளிச்சம் அதை ஊடுருவி நரம்புகளையும் எழுதும். முற்றிய இலையோ வெறும் வெள்ளை நிழலாய் நின்றுவிடும். இந்தப் பேதங்களைக் கருதாமல், கையில் அகப்பட்ட இலையையும் பூவையும் நெருக்கிப் பரப்பித் தோரணம் கட்டுவது இன்று மலிந்திருக்கிறது. ஒற்றைக் கொத்தை வைத்து, மிச்சத் தாளை வெயிலுக்கே விட்டுவிடுகிறவரிடம்தான் எனக்கு மரியாதை.

நமக்கென்று ஒரு மார்க்கம் வேண்டுமானால் மஞ்சளை நாடலாம். மஞ்சள் தூளைச் சாராயச் சத்தில் ஊறவைத்து, வடிகட்டித் தாளில் பூசி, நிழலில் உலர்த்தி, மேலே இலையை வைத்து மொட்டைமாடியில் சென்னை வெயிலுக்குச் சில மணி நேரம் காட்டினால், மறையாத இடங்கள் வெளுத்துப் போகும். பிறகு வெங்கார நீரில் தோய்த்தால், சுண்ணாம்பு பட்ட ஆரத்தி நீர் சிவப்பதற்கு எது காரணமோ அதே காரணத்தால், மறைந்திருந்த மஞ்சள் செம்பழுப்பாக மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்குவது வீண். தாளும் உலராது, வெயிலும் கிடைக்காது.

இப்படத்தை நிலைப்படுத்த மருந்து கிடையாது. வெளிச்சம் பட்டால் மங்கிக்கொண்டே வரும். ஆகையால் ஆல்பத்துக்குள் வைத்திருந்து, பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டுவதே முறை. கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு இரும்பு உப்பினால் ஆன நீல நிழற்படம் இருக்கிறது. அதுவும் மங்கினால், சில நாட்கள் இருட்டில் வைக்க, நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும்.