விளிம்புக்குள் அடங்கிய விலங்கு

கருங்கடலின் வடகரைப் புல்வெளிகளில், கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் சில நூற்றாண்டுகள் குதிரை மீதே வாழ்ந்தவர்கள் சிதியர்கள். கிழக்கே அல்தாய் மலை வரை அவர்களுக்கு உறவான இனங்கள் பரவியிருந்தன; இந்திய வரலாற்றில் சகர் என்று வருபவர்களும் இந்தப் பெருங்கூட்டத்தின் ஒரு கிளைதான். இந்த மேய்ச்சல் மக்கள் கோயில் கட்டவில்லை, சுவரில் ஓவியம் தீட்டவில்லை. கடிவாளம், வாளுறை, அம்பறாத்தூணி, இடைக்கச்சை என்று கையோடும் குதிரையோடும் போகும் பொருள்களே அவர்களுக்குக் கலையின் இடம். அவற்றில் மனிதன் அரிது, செடிகொடி அதைவிட அரிது; எங்கும் விலங்குதான். இந்தக் கலையின் உயிர்த்துடிப்பை வியப்பவர்கள் உண்டு. ஒரே அச்சில் வார்த்த உருவங்கள் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு சாராரும் சொல்வது உண்மை. அந்த உயிர்ப்பும் அந்த வறட்சியும், பொருளின் விளிம்புக்குள் விலங்கு முழுதாக அடங்கியாக வேண்டும் என்ற ஒரே கட்டாயத்திலிருந்து பிறந்தவை என்பதே என் வாதம்.

குபான் ஆற்றுப் பகுதியில் கோஸ்த்ரோம்ஸ்காயா என்ற ஊரின் புதைமேட்டில் 1897இல் கிடைத்த பொன் மானைப் பார்க்கலாம். ஏறத்தாழ 30 செ.மீ. நீளம். கால்கள் நான்கும் வயிற்றின் கீழ் மடங்கியிருக்கின்றன. கழுத்து முன்னால் நீண்டிருக்கிறது. கொம்பின் கிளைகள் சுருள் சுருளாக முதுகு முழுவதும் பின்னோக்கி ஓடுகின்றன. தோளும் தொடையும் உருண்டையாக இல்லை. கத்தியால் மரத்தைச் சீவியதுபோல் சாய்தளங்களாக இறங்கி, கூரிய விளிம்பில் சந்திக்கின்றன. மரத்திலும் எலும்பிலும் செதுக்கிப் பழகிய கை பொன்னுக்கு வந்திருக்கிறது என்பதை இந்தத் தளங்களே சொல்லிவிடுகின்றன. இந்த மான் படுத்திருக்கிறதா, பாய்கிறதா, பலிக்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கால்களை மடக்கியதால் உருவம் கச்சிதமானது. கச்சிதமானதால் ஓட்டமும் ஓய்வும் ஒரே உடலில் தங்கிவிட்டன. இடநெருக்கடியே கற்பனைக்கு இப்படி வழிவிட்டது. கெலர்மெஸ் புதைமேட்டின் பொன் சிறுத்தை இன்னும் துணிச்சலானது: அதன் பாதம் ஒவ்வொன்றும் சுருண்டு கிடக்கும் ஒரு குட்டி விலங்கு, வாலிலும் அதே உருவம் வரிசையாக வருகிறது.

ஆனால் இந்தத் துணிச்சல்தான் சீக்கிரமே வழக்கமாகிப் போயிற்று. கொம்பு நுனியெல்லாம் பறவைத் தலை, தோளெல்லாம் சுருள் என்று சூத்திரம் பிடிபட்டதும், விலங்கைப் பார்க்க வேண்டிய தேவை கலைஞனுக்கு இல்லாமல் போகிறது. பிற்காலக் கடிவாள அணிகள் பலவற்றில் மான் எது, கொம்பு எது என்று பிரிக்க முடியவில்லை. மிஞ்சுவது பின்னல் கோலம் மட்டுமே. விளிம்பை விலங்கே நிறைத்துவிடுவதால் அது நிற்க நிலமில்லை, மேயப் புல்லில்லை. வேட்டையாடும் விலங்கு இரையைக் கவ்விக் கிடக்கும் காட்சிகளில்கூட இரையின் வலி நம்மைத் தொடுவது அபூர்வம்.

இது மேற்காசிய அரசுகளிடம் கடன் வாங்கிய கலை, குறையும் அங்கிருந்தே வந்தது என்ற மறுப்பு ஒன்று உண்டு. கெலர்மெஸ் பொருள்களில் மேற்காசியச் சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் தெற்குச் சைபீரியாவின் துவாவிலுள்ள அர்ஜான் புதைமேட்டில் சுருண்ட வெண்கலச் சிறுத்தை ஒன்று கிடைத்திருக்கிறது. சிதியர்கள் மேற்காசியாவுக்குள் புகுந்த காலத்துக்கு முந்தியது அது. அடிப்படை இலக்கணம் புல்வெளியிலேயே உருவாகிவிட்டது. இதைவிட வலுவான மறுப்பு, அழியாமல் தப்பிய பொன்னை மட்டும் வைத்து ஒரு கலையையே எடைபோடலாமா என்பது. அல்தாயில் பசிரிக் கல்லறைகளைப் பனிக்கட்டி காத்து வைத்திருந்ததால் கம்பளியும் தோலும் மரமும் மனிதத் தோலில் குத்திய பச்சையும்கூட நமக்குக் கிடைத்தன. 1993இல் உக்கோக் பீடபூமியில் கண்டெடுத்த பெண்ணின் தோளில், பின்னுடல் தலைகீழாக முறுகிய ஒரு மான் இருக்கிறது; முகத்தில் கழுகு அலகு, கொம்பு நுனிகளில் பறவைத் தலைகள். தோள் அசைய அந்த மானும் அசைந்திருக்கும். கண்ணாடிப் பேழையில் அசையாமல் கிடக்கும் தகட்டைப் பார்த்து வறட்சி என்று சொல்வது பாதி அநியாயம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் சூத்திரம் அங்கேயும் அதேதான். அசைவு அதற்கு உயிர் தந்ததே தவிர, புதிய சொல் எதையும் சேர்க்கவில்லை.

விளிம்பு தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கிரேக்கக் கைவண்ணம் கொண்ட பொருள்களே சாட்சி. கிரீமியாவின் கெர்ச் அருகே குல்-ஓபா கல்லறையில் 1830இல் கிடைத்த பொன் மானின் உடல் மீது சிங்கமும் முயலும் தனித்தனி உருவங்களாக ஒட்டி நிற்கின்றன. கெலர்மெஸில் பாதமே விலங்காக மாறியது. இங்கே விலங்கின் மேல் விலங்கு சுமையாக ஏறியிருக்கிறது. உக்ரைனின் தொல்ஸ்தயா மொகிலாவில் 1971இல் எடுத்த, ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள மார்பணியோ வேறு கதை. அதன் மேல் வரிசையில் மனிதர்கள் ஆட்டுத்தோலைப் பிடித்துத் தைக்கிறார்கள், ஒருவர் பால் கறக்கிறார், குட்டி தாயிடம் பால் குடிக்கிறது. சிதியக் கலையில் நான் குறையாகச் சொன்ன பரிவு, நிலம், மனிதன் எல்லாம் இங்கே வந்துவிட்டன. ஆனால் கோஸ்த்ரோம்ஸ்காயா மானின் முறுக்கேறிய விசை இதன் எந்த விலங்கிலும் இல்லை. மார்பணியின் கைத்திறன் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. இருந்தும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அந்த மானைத்தான் எடுப்பேன்.