இருளைக் காண்பதும் இருளில் வாழ்வதும்

மாற்றுத்திறனாளிகளின் வாழ்வைப் பிறர் உணர்ந்துகொள்ள மெய்நிகர்க் காட்சி துணைபுரியும் என்னும் கூற்று இன்று பரவலாகக் கேட்கப்படுகிறது. இயக்குநர் கிறிஸ் மில்க் 2015இல் இதனைப் பரிவை விளைவிக்கும் இயந்திரம் என்றே வருணித்தார். இக்கூற்றை எடைபோட, இவ்வகையில் சிறந்ததொரு படைப்பாகிய ‘நோட்ஸ் ஆன் பிளைண்ட்னெஸ்: இன்டு டார்க்னெஸ்’ (2016) என்பதையே எடுத்துக்கொள்வோம்.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி கற்பித்த ஜான் ஹல், 1980களின் தொடக்கத்தில் பார்வையை முற்றிலும் இழந்தார். 1983 முதல் தம் அனுபவங்களை ஒலிநாடாக்களில் பதிந்து வந்தார்; அவை 1990இல் நூலாயின. அந்தக் குரலே இப்படைப்பின் உயிர். தலைக்கருவியை அணிந்ததும் இருள் சூழ்கிறது. பூங்காவில் காலடியோசை எழும்போது நடப்பவரின் உருவம் ஒளிப்புள்ளிகளாய்த் துலங்குகிறது. ஓசை அடங்கியதும் மறைகிறது. ஒலி எழுப்பாத பொருள் பார்வையற்றவருக்கு இல்லாத பொருளாகிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்குதல் அரிது.

ஆயினும் ஹல் ஒளிப்புள்ளிகளைக் கண்டவர் அல்லர். அவர் செவியால் அறிந்ததை இப்படைப்பு நம் கண்ணுக்கு மொழிபெயர்க்கிறது. பார்வையின்மையை விளக்கவும் பார்வையையே நாட வேண்டியிருக்கிறது! அன்றியும், மழையின் ஓசையைக் கொண்டே கூரையையும் செடியையும் பாதையையும் இனங்காணும் நுட்பம் பார்வையின்றி வாழ்ந்து பழகியதால் அவருக்கு வாய்த்தது. நமக்கோ சில நிமிடங்களே வாய்க்கின்றன.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஏரியல் சில்வர்மன் என்னும் பார்வையற்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்த்துகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு பார்வையின்மையைப் பாவனை செய்தவர்கள், பார்வையற்றோர் பணிபுரியவும் தனித்து வாழவும் வல்லவர்கள் அல்லர் என்று எண்ணத் தலைப்பட்டனர். அவர்கள் அறிந்தது பார்வையிழந்த முதல் நாளின் தடுமாற்றத்தை மட்டுமே. அதையே முழு வாழ்வெனக் கொண்டனர். மதிப்பு குறைந்தது. அத்தகையவர் நாளை வேலைக்கு ஆள் தேர்பவராய் அமர்ந்தால் இழப்பு யாருக்கு?

நாம் கண்ட படைப்பு இக்குற்றத்திலிருந்து பெரும்பாலும் தப்புகிறது என்றே கருதுகிறோம். அதற்குக் காரணம் கருவியன்று. இருளில் நெடுங்காலம் வாழ்ந்து தெளிந்த ஒருவரின் சொல். கருவி சிலகணம் நம்மை அவரிடத்தில் அமர்த்துகிறது. ஆனால் அவ்விடத்தில் வாழ்வது எங்ஙனம் என்பதை அவரே சொல்ல, நாம் கேட்டாக வேண்டும்.