ஏழாண்டுச் சிறையும் எட்டாத குடோனும்

காட்டுயிர்க் கடத்தலில் யாராவது பிடிபட்டால் மறுநாள் எழும் குரல் ஒன்றுதான்: தண்டனை போதாது, கூட்டுங்கள். இந்தக் கோரிக்கையை வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் நின்று எடைபோட்டுப் பார்க்கலாம். இங்கே காடும் இல்லை, வேட்டையும் இல்லை. ஆனால் கூடூரிலிருந்து வரும் ரயில் பாதை இவ்வழியாகத்தான் சென்ட்ரலுக்குப் போகிறது. கிழக்கே காசிமேடும் சென்னைத் துறைமுகமும். வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. மணலி, மாதவரம் பக்கமெல்லாம் கன்டெய்னர் யார்டுகள். எங்கோ பிடித்ததும் வெட்டியதும் சரக்காகிக் கப்பலேறும் வட்டாரம் இது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது அபராதத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாயிற்று.

தண்டனை போதாது என்றவர்கள் பக்கம் நியாயம் இருந்ததுண்டு. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பிடிக்கப்பட்டு, சென்னை வழியாகக் கோலாலம்பூருக்கும் பாங்காக்கிற்கும் போன நட்சத்திர ஆமை நெடுங்காலம் நான்காம் அட்டவணையில் கிடந்தது. உலகச் சந்தையில் அவ்வளவு கிராக்கியுள்ள உயிருக்கு, அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற அளவு பாதுகாப்பு. 2019இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக ஒப்பந்தமான சைட்டிஸ் அதை முதல் இணைப்பில் சேர்த்துச் சர்வதேச வணிகத்தைத் தடுத்தது. நம் சட்டம் அதை முதல் அட்டவணைக்கு ஏற்ற 2023 வரை ஆனது. அந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால் கடல் அட்டையைப் பாருங்கள். 2001 முதலே அது முதல் அட்டவணையில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூன்று முதல் ஏழாண்டுச் சிறை என்ற மிரட்டல் நிற்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுவது நின்றதா? பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கையில் உரிமம் பெற்று அதைப் பிடிப்பது சட்டப்படியான தொழில். இங்கே திருட்டுச் சரக்காக ஏறுவது அங்கே கணக்கில் வரும் சரக்காக இறங்கிவிட முடியும். நம் பக்கம் எத்தனை ஆண்டுச் சிறை எழுதினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

இதைவிடக் கொடிய சோதனையும் நடந்து முடிந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, ஆந்திர அதிரடிப்படை தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 கூலித் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. மோதல் என்றது காவல்துறை. போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். செம்மரம் விலங்கல்ல என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. வெட்டுபவர், லாரி ஓட்டுபவர், குடோன்காரர், ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவர், வெளிநாட்டில் வாங்குபவர் என்று சங்கிலி அதேதான். அதன் முதல் கண்ணிக்கு மரணத்தையே கொடுத்துப் பார்த்தாயிற்று. அதன் பிறகும் செம்மரக் கட்டைகள் வடசென்னைக் கிடங்குகளிலும் கன்டெய்னர்களிலும் பிடிபடுகின்றன. இருபது பேர் செத்தும் சரக்கின் வழி மாறவில்லை என்றால், கடுமை தவறான ஆளின் மேல் விழுகிறது என்றுதானே பொருள்?

அமலாக்கத்தின் கோளாறு இங்கேதான் தெரிகிறது. பிளாட்பாரத்தில் அனாதையாகக் கிடக்கும் ஆமைப் பையை எடுப்பது ரயில்வே பாதுகாப்புப் படை. கன்டெய்னரைத் திறப்பது சுங்கத்துறை அல்லது வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம். குடோனில் நுழைவது மாநகரப் போலீஸ். ஆனால் காட்டுயிர்ச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, போலீஸ் குற்றப்பத்திரிகையை வைத்து நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அதிகாரம் பெற்ற அதிகாரி, பெரும்பாலும் வனத்துறைக்காரர், நேரடியாகப் புகார் தாக்கல் செய்தாக வேண்டும். பிடித்தவர் ஒருவர், வழக்கு நடத்துபவர் வேறொருவர். இந்தக் கைமாற்றத்தில் சரக்கு பத்திரமாக வந்து சேர்கிறது. அதை அனுப்பியவர், வாங்கவிருந்தவர் பற்றிய தடயம் வந்து சேர்வதில்லை. கையில் இருப்பது கூலிக்குச் சரக்கு சுமக்கும் 'குருவி' ஒருவர் மட்டுமே. அவருக்குப் பெட்டியைக் கொடுத்தவரின் உண்மைப் பெயரே தெரிந்திருக்காது.

வழக்கின் வேகத்துக்கு நாடறிந்த உதாரணம் சல்மான் கான். 1998இல் கருமான் வேட்டை. ஜோத்பூர் நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது 2018இல். இரண்டே நாளில் ஜாமீன். இருபதாண்டு கழித்து வரும் தண்டனையைக் கண்டு எந்த ஏற்றுமதியாளர் அஞ்சுவார்?

ஆகவே என் தீர்ப்பு: சிறைத் தண்டனை போதும், கூட்ட வேண்டியதில்லை. கூட்ட வேண்டியது அபராதத்தை மட்டும். முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய் என்பது கன்டெய்னர் வியாபாரிக்கு லாரி வாடகைக் கணக்கு. ஆனால் அதைவிட வலுவான ஆயுதம் சட்டத்திலேயே துருப்பிடித்துக் கிடக்கிறது. கடத்தலில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்ய 2002 திருத்தம் தனி அத்தியாயமே சேர்த்தது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் காட்டுயிர்க் குற்றங்கள் உள்ளன. இவை இரண்டும் குருவியைத் தாண்டி, சரக்குக்குப் பணம் போட்டவரைத் தொடக்கூடியவை.

மத்திய அரசின் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்குச் சென்னையில் மண்டல அலுவலகம் இருக்கிறது. மாநில அரசும் தனியாக ஒரு குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தை அமைத்திருக்கிறது. இவற்றின் பணியை எத்தனை கிலோ பிடித்தார்கள், எத்தனை ஆமை மீட்டார்கள் என்று அளப்பதை விட்டுவிட வேண்டும். எத்தனை குடோன் உரிமையாளர்கள், எத்தனை ஏற்றுமதி முகவர்கள் தண்டனை பெற்றார்கள், எத்தனை சொத்துகள் பறிபோயின என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கணக்கு வைக்கச் சொல்ல வேண்டும்.