மூடி வைத்தால் தூங்குமா?

மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது தூங்கிவிடும் என்று நம்புகிறோம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் பை சுடுகிறது. திறந்து பார்த்தால் சார்ஜ் பாதி காணோம். சில நாள் திரை வருகிறது, வைஃபை வருவதில்லை. டச்பேட் அசைய மறுக்கிறது. கடையில் சொல்லும் பதில் பெரும்பாலும் இரண்டுதான்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்", இல்லையென்றால் "போர்டு போயிருக்கும்". நாடி பார்க்காமலே மருந்துச் சீட்டு. ஆனால் என் கோபம் கடைக்காரர் மேல் இல்லை. தூக்கம் என்பதற்கே சத்தமில்லாமல் வேறு அர்த்தம் வைத்தவர்கள் மேல்தான்.

1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. அதிலுள்ள எஸ்3 நிலைதான் பழைய தூக்கம்: ராமுக்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் ஏறக்குறைய அணைந்துவிடும். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகள் அந்தக் காலத்தவை.

2012-ல் விண்டோஸ் 8 வேறு வழியில் போனது. விண்டோஸ் 10-ல் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. இதில் கணினி செல்போன் மாதிரி, திரையை மட்டும் அணைத்துவிட்டுக் குறைந்த மின்சாரத்தில் விழித்தே கிடக்கும். திறந்ததும் வேலை செய்யும். அது நிஜமான வசதிதான். ஆனால் ஒரே ஒரு டிரைவர் அடங்காமல் இருந்தாலும் போதும், மொத்த மெஷினும் பைக்குள் வெந்துகொண்டிருக்கும். பல புதிய மாடல்களில் எஸ்3 அறவே கிடையாது. ராம் எத்தனை ஜிபி என்று ஒட்டுகிற ஸ்டிக்கரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உங்களிடம் இருப்பது எது? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையை 'ஏ' என்ற தெரிவோடு ஓட்டினால், எந்தெந்தத் தூக்கம் உண்டு என்று பட்டியல் வரும்.

விழித்தபின் ஏதாவது காணாமல் போனால் ஷட் டவுன் செய்து திறந்து பார்ப்பது சரியான சோதனை ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியை டிஸ்க்கில் அப்படியே சேமித்து வைத்து மறுபடி எடுத்துக்கொள்கிறது. பிழையும் கூடவே திரும்பி வரலாம். முதலில் ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்பவும் வரலைன்னா ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்க. அதுதான் முழுசா அணைப்பது. அதற்குப் பிறகு வைஃபை வந்துவிட்டால், சிப் செத்துவிட்டது என்று சொல்ல முகாந்திரமே இல்லை. தூங்கி எழும்போது டிரைவர் தடுமாறியிருக்கிறது என்பதே முதல் சந்தேகம்.

லினக்ஸ் இந்த விஷயத்தில் நேர்மையானது. பிழைதேடும் வசதியோடு கட்டிய கர்னலில் தூக்கத்தை ஐந்து படியாகப் பிரித்துச் சோதிக்கலாம்: நிரல்களை உறையவைப்பது, சாதனங்களை நிறுத்துவது என்று ஆரம்பித்து ஒவ்வொரு படியிலும் சில விநாடி நின்று திரும்பும். எந்தப் படியில் தொங்குகிறதோ அங்கேதான் கோளாறு. பக்கத்திலேயே, குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில், திறமூல மென்பொருளுக்காக வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். அதன் பெருமை விலை இல்லாததில் மட்டும் இல்லை. இப்படித் திறந்து பார்க்க முடிவதிலும் இருக்கிறது.

புது போர்டின் விலையில் ஒரு மாணவரின் செமஸ்டர் கட்டணமே அடங்கிவிடலாம். அதற்குப் பணம் கேட்கும் முன், "ரீஸ்டார்ட் பண்ணினா வருதா?" என்று ஒரு கேள்வி கேட்கச் செலவே இல்லை. தயாரிப்பாளர்களும் எந்தத் தூக்கம் என்பதை ஸ்டிக்கரில் அச்சடித்துவிட்டால் பாதிச் சண்டை கடை வாசலுக்கே வராது.