தோட்டம் தனித் தீவா?

தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதப் புகும் நம் எழுத்தாளர் பலர், அதனை உலகினின்றும் ஒதுங்கிய ஒரு தீவாகவே காண்கின்றனர். பனி மூடிய மலை, வளைந்தேறும் பாதை, அதன் கோடியில் ஒரு லயம், அங்கே வெளியுலகு அறியாத அப்பாவி மக்கள். இச்சித்திரம் இரக்கத்தை எழுப்பும் என்பதை நாம் மறுக்கவில்லை. அது உண்மையா என்பதே கேள்வி.

உண்மையான தீவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்கொத்லாந்துக்கு மேற்கே, அத்திலாந்திக் கடலில் செயின்ட் கில்டா என்றொரு தீவு உண்டு. அங்கு எஞ்சியிருந்த 36 பேரும் தாமே விண்ணப்பித்து, 1930 ஆகஸ்டில் அதனை விட்டு வெளியேறினர். அவர்களை உலகினின்றும் பிரித்து வைத்தது கடல். ஊவாத் தோட்ட மக்களைப் பிரித்து வைத்த கடல் எது?

அதே ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்த தோமஸ் லிப்டன், 1890இல் ஹப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் ரயில் பாதை பதுளையை எட்டியது. ஊவாவின் தேயிலை லண்டன் சந்தையை அடைய மலையும் தடையாகவில்லை, கடலும் தடையாகவில்லை. கொழுந்துக்கு இல்லாத தொலைவு, அதைப் பறித்த கைகளுக்கு மட்டும் எவ்வாறு வந்தது? கங்காணியின் கடன் கணக்கு, 1921இல் சட்டம் ஒழிக்கும்வரை நிலவிய துண்டு முறை, தோட்ட எல்லைக்குள் துரையின் ஆட்சி, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஆகியவையே அக்கடல். 1947 தேர்தலில் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 தேர்தலிலோ தோட்ட மக்களுட் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. ஆகவே இத்தொலைவு இயற்கை தந்ததன்று, மனிதர் வகுத்தது.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் படைப்புக்களை நோக்குவோம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தையும் இலங்கைத் தோட்டத்தையும் ஒரே சங்கிலியிற் பிணைக்கின்றது. ஊரில் தொடங்கும் ஒடுக்குமுறையே மருதியைத் தோட்டத்துக்குத் தள்ளுகின்றது. இது அக்கதையின் வலிமை. எனினும், அதில் தோட்டம் மக்கள் விழுந்து அழியும் படுகுழியாகவே நிற்கின்றது. தொழிலாளியின் திறனுக்கு அங்கே இடமில்லை. 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியைத் தலைப்பிலேயே கேள்விக்குள்ளாக்குகின்றது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இன்னும் உள்ளே செல்கின்றது. அங்கே பறிப்பவளின் உழைப்பும் தன்மானமுமே கதையாகின்றன. வாசகனின் இரக்கத்தை அவள் வேண்டி நிற்கவில்லை. தராசைத் தாண்டிக் கூடை எங்கே போகின்றது என்று ஒரு சிறுகதையிடம் கேட்பது முறையன்று. நாவலிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இது வெறும் இலக்கிய விவாதமன்று. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. இயற்கையின் சீற்றம் என்று இரங்கற்பா பாடி முடிப்பது எளிது. ஆனால், அபாய எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக்குப் பின்னும் அம்மக்கள் அதே லயத்தில் வாழ நேர்ந்தது ஏன்? தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தவர்க்கு, வேறிடத்தில் வீடு கட்டச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதது ஏன்? தோட்டத்தைத் தீவாக வருணிக்கும் எழுத்து இக்கேள்விகளை எழுப்பாது, எழுப்பவும் இயலாது.

லயத்திற் பிறந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் எழுத வந்துள்ளனர். மலையின் அழகையும் மக்களின் கண்ணீரையும் எழுதுவதோடு அவர்கள் நின்றுவிடலாகாது. அம்மக்களைச் சூழக் கடலை வெட்டியவர் யார் என்பதையும் எழுத வேண்டும் என்பதே நமது கோரிக்கை.