வீரயுகமும் எமது மேடைகளும்

பேராசிரியர் க. கைலாசபதியின் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் அவர் செய்த ஆய்வின் நூல்வடிவம் அது. எம்மவரில் இந்நூலின் பெயரைச் சொல்பவர்கள் அதிகம். அதன் வாதத்தோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவு. புறநானூற்றை ஹோமருக்குப் பக்கத்தில் வைத்தாரே என்ற பெருமிதத்தோடு பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அந்த ஒப்பீடு பெருமிதத்துக்கு இடம் தருவதாக எனக்குப் படவில்லை. மில்மன் பரியும் அல்பேர்ட் லோர்டும் யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் கற்ற வாய்மொழிப் பாடல் இலக்கணத்தைக் கொண்டு, சங்கச் செய்யுள்களில் மீள மீள வரும் தொடர்களையும் கருப்பொருள்களையும் கைலாசபதி பிரித்துக் காட்டுகிறார். பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர் என்று பாடுவோரையும் ஆடுவோரையும் வகைப்படுத்தி, அவர்கள் யாரை அண்டிப் பிழைத்தனர் என்று கேட்கிறார். கொடுப்பவனின் புகழ், பரிசில் பெறுபவனுக்குத் தொழில். அப்படியானால் வீரம் தமிழனின் குருதியில் ஊறிய குணம் என்ற கதை இங்கேயே உடைகிறது. கிரேக்கரும் அயர்லாந்தவரும் கடந்துவந்த ஒரு சமூகக் கட்டத்தின் விழுமியம் அது.

யுத்த காலத்து மேடைகள் இதற்கு நேரெதிராகப் பேசின. தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின் ஒரே மகனின் பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, வேல் கொடுத்து அனுப்பும் ஒக்கூர் மாசாத்தியாரின் தாய் (புறம் 279) எத்தனை தடவை அழைக்கப்பட்டாள்! அப்பாடலில் அந்தத் தாய் ‘செல்க’ என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மற்றதெல்லாம் அவளைப் பார்த்து நிற்கும் ஒருவரின் பேச்சுத்தான். அவளது துணிவின் கடுமை கண்ட திடுக்கீட்டுடனேயே பாடல் தொடங்குகிறது. வழமையாக இதை வியப்பு என்பார்கள். வியப்பாகவே இருக்கட்டும், அது கட்டளை அல்லவே.

இந்த வீரக்கதை இருபதாம் நூற்றாண்டு அரசியலில், திராவிட இயக்கம் உட்பட, எவ்வாறு புத்துயிர் பெற்றது என்பதை டி. பி. சிவராம் 1992இல் 'லங்கா கார்டியன்' தொடரில் ஆராய்ந்தார். அதுவும் ஆங்கிலத்தில்தான். கைலாசபதியின் நூலுக்குத் தமிழாக்கம் மிகப் பிந்தியே வந்தது. தமிழில் அவ்வளவு எழுதிக் குவித்தவர், 1982இல் மறையும்வரை, இதன் சாரத்தையேனும் முழுமையாக ஒரு தமிழ் நூலாக்கியிருக்கலாம் என்பது எனது மனத்தாங்கல். எழுபதுகளில் மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த இளைஞனின் கைக்கு எட்டாத அலமாரியில் மறுப்பு இருந்தது.

நூலை அப்படியே ஏற்கவேண்டும் என்றும் நான் சொல்லவரவில்லை. பரி–லோர்ட் கோட்பாடு நெடுங்கதைப் பாடல்களுக்காக உருவானது. பத்துப் பதினைந்து அடிகளில் முடிந்துவிடும், திணை துறை வகுக்கப்பட்ட பாடல்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்? ஹெர்மன் டீக்கன் 2001இல் மறுகோடிக்கே போய், இவை பிற்கால அரசவையில் பழமைபோல் புனையப்பட்டவை என்றார். அவரது காலக்கணிப்பு எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் பாணனின் குரலில் புலவன் பேசியிருக்கக்கூடும் என்ற சந்தேகத்தை இலேசில் தள்ளிவிட முடியாது. அதைக் கைலாசபதியின் ஆதரவாளர்கள்தான் முதலில் எடுத்து விவாதித்திருக்கவேண்டும்.