கலைக்கூட ஆவணமும் கலைஞரின் தன்விளக்கமும்: பேக்கன் கலைக்கூடத்தையும் ஜோன் மிட்செல் அறக்கட்டளையையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓவியர்கள் தம் கலைக்கூடத்துப் பொருள்களைத் தாமே ஒழுங்குபடுத்திக் காப்பதற்குத் துணைபுரியும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளன. அவ்வாறு உருவாகும் ஆவணத்தொகுப்பு, ஆய்வுச் சான்றாக இருப்பதோடு ஓவியர் தம்மைப் பற்றித் தரும் விளக்கமாகவும் அமைகிறது. எனவே, தொகுக்கும் செயலும் ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச் சொற்கள்: கலைக்கூடம், ஆவணத்தொகுப்பு, மூல ஒழுங்கு, பிரான்சிஸ் பேக்கன், ஜோன் மிட்செல் அறக்கட்டளை.

முன்னுரை

பிரான்சிஸ் பேக்கன், ஜோன் மிட்செல் என்னும் இரு ஓவியர்களும் 1992ஆம் ஆண்டில் மறைந்தனர். பேக்கனின் கலைக்கூடம் அவர் மறைவுக்குப்பின் பிறரால் ஆவணமாக்கப்பட்டது. மிட்செலின் விருப்பாவணத்தின் வழி 1993இல் தோன்றிய அறக்கட்டளையோ, ஓவியர்கள் வாழும்போதே தம் ஆவணங்களைத் தொகுக்க உதவி வருகிறது. இவ்விரு வழிகளும் எவற்றைக் காக்கின்றன, எவற்றை இழக்கின்றன என்பது இங்கு ஆராயப்படுகிறது.

மறைவுக்குப்பின் தொகுத்தல்

லண்டன் ரீஸ் மியூஸ் தெருவின் 7ஆம் எண் வீட்டில் 1961 முதல் இறுதிவரை பேக்கன் பணியாற்றினார். அக்கலைக்கூடத்தை அவருடைய உரிமையாளர் ஜான் எட்வர்ட்ஸ் 1998இல் டப்ளின் நகரின் ஹியூ லேன் காட்சியகத்திற்கு வழங்கினார். தொல்லியலாளர்கள் ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தை அளந்து வரைபடமாக்கினர். சுவர், தளம், கூரை ஆகியனவும் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டன. 2001இல் பார்வைக்குத் திறக்கப்பட்ட அக்கலைக்கூடத்தின் 7,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கணினித் தரவுத்தளத்தில் பதிவாகியுள்ளன. ஏறத்தாழ 1,500 ஒளிப்படங்கள், நூல்களிலிருந்து கிழித்த 1,300 தாள்கள், கத்தியால் அறுக்கப்பட்ட 100 கித்தான்கள், 70 வரைவுகள் ஆகியன அவற்றுள் அடங்கும்.

இவற்றுள் வரைவுகள் தனிக் கவனத்திற்குரியவை. விமர்சகர் டேவிட் சில்வெஸ்டருக்கு அளித்த நேர்காணல்களில், முன்வரைவு செய்யாது நேரடியாகக் கித்தானில் தீட்டுபவராகவே பேக்கன் தம்மைக் காட்டிக்கொண்டார். கலைக்கூடம் அக்கூற்றை மறுக்கிறது. பேக்கன் தாமே தம் அறையை ஒழுங்குபடுத்தியிருந்தால் இவ்வரைவுகள் எஞ்சியிருக்குமா என்னும் வினா தவிர்க்க இயலாதது. மறுபுறம், ஒரு தாள் எதற்காகக் கிழிக்கப்பட்டது என்பதைச் சொல்ல ஓவியர் இன்று இல்லை. பொருள் கிடந்த இடம் தெரிகிறது. அது அங்கு வந்த காரணத்தை ஆய்வாளரே ஊகிக்க வேண்டியுள்ளது.

வாழும்போதே தொகுத்தல்

ஜோன் மிட்செல் அறக்கட்டளை 2007இல் தொடங்கிய திட்டம், முதிய ஓவியர்களுக்கு அவர்தம் கலைக்கூடத்திலேயே பணிபுரியும் பயிற்சி பெற்ற உதவியாளர்களை அளித்தது. படைப்புகளை எண்ணிடுதல், ஒளிப்படமெடுத்தல், தலைப்பு, ஆண்டு, அளவு, ஊடகம், இருப்பிடம் ஆகியவற்றைப் பதிதல் என்பன அவர்தம் பணிகள். இவற்றைப் படிப்படியாக விளக்கும் கையேட்டையும் அறக்கட்டளை கட்டணமின்றி வழங்குகிறது. ஓவியரின் நினைவு மங்குவதற்குமுன் அது பதிவாகிவிடுகிறது. காட்சியகங்களின் கவனம் பெறாத ஓவியரின் வாழ்நாள் உழைப்பும் சிதறாமல் காக்கப்படுகிறது. பேக்கனுக்குக் கிடைத்த தொல்லியலாளர் குழு எல்லா ஓவியருக்கும் வாய்ப்பதில்லை என்பதை எண்ணும்போது இதன் பயன் விளங்கும்.

எனினும், இம்முறையின் மையம் நிறைவுற்ற படைப்பே ஆகும். கையேட்டின் தலைப்பே அதனை ஓவியரின் தொழில்வாழ்வை ஆவணப்படுத்தும் நூலாக அறிமுகப்படுத்துகிறது. இந்நோக்கில் கைவிடப்பட்ட கித்தானும் கசங்கிய தாளும் எளிதில் குப்பையாகிவிடும். மேலும், நாற்பதாண்டுகளுக்கு முந்தைய ஓவியத்திற்கு இன்று நினைவிலிருந்து சொல்லப்படும் ஆண்டும், அக்காலத்திலேயே கித்தானின் பின்புறம் எழுதப்பட்ட ஆண்டும் பட்டியலில் ஒரே மதிப்புடையனவாகத் தோன்றும். பின்னாளில் அதனைப் பயன்படுத்தும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை அறிய வழியில்லை.

தொகுத்தலையும் பதிதல்

இக்குறையை நீக்கப் பெரும்பொருட்செலவு தேவையில்லை. பொருள்களைத் தொடுவதற்குமுன் அறையை உள்ளவாறே ஒளிப்படமெடுத்தால் மூல ஒழுங்கின் சுவடேனும் எஞ்சும். ஒவ்வொரு தகவலும் நினைவுவழி வந்ததா, எழுத்துச் சான்றுவழி வந்ததா எனக் குறிக்கலாம். யார், எப்போது, எந்த வரிசையில் அடுக்கினர் என்பதையும் உதவியாளர் எழுதிவைக்கலாம்.

நீக்கப்படுவன பற்றிய வினா இதனினும் கடினமானது. தம் கித்தானை அறுத்த ஓவியர், அது பிறர் பார்வைக்கு வருவதை விரும்பவில்லை எனக் கருத இடமுண்டு. அழிக்கும் உரிமை ஓவியருக்கு உண்டு. அதனை மறுக்கும் அதிகாரம் உதவியாளருக்கு இல்லை. ஆயின், இன்ன ஆண்டில் இன்ன வகைப் பொருள்கள் இத்தனை, ஓவியரின் விருப்பப்படி நீக்கப்பட்டன என்று ஒரு வரி எழுத அவர் இசைவைப் பெறலாம். நீக்கியது என்ன என்பது மறைந்தாலும், நீக்கப்பட்டது என்னும் செய்தி நிற்கும்.

முடிவுரை

பேக்கனின் கலைக்கூடத்தில் ஓவியரின் குரல் இல்லை. ஆனால் அவர் மறைக்க விரும்பியிருக்கக்கூடியதும் எஞ்சியுள்ளது. ஓவியரே தொகுக்கும் ஆவணத்தில் அவர் குரல் நிறைந்திருக்கும். அவர் தேர்வுக்கு உட்படாதது அரிதாகவே எஞ்சும். பின்னதை ஐயுற்று ஒதுக்குவது முறையன்று. பெரும்பாலான ஓவியர்க்கு அதுவே ஒரே வாய்ப்பு. அத்தொகுப்பைத் தன்வரலாற்றைப் படிக்கும் விழிப்போடு படிப்பது ஆய்வாளரின் கடமை. அவ்விழிப்புக்கு இடந்தரும் வகையில் தொகுப்பது உதவியாளரின் கடமை.